ஸ்கேனரும் எஞ்சின் விளக்கும்: வாசகர் ஐயங்கள்

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்ற பழுதுக் குறியீடு வந்ததால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். எஞ்சின் விளக்கு மறுபடியும் எரிகிறதே? (சாட்ஸ்வர்த் வாசகர்)

கலவையில் பெட்ரோலை விடக் காற்று மிகுந்துவிட்டது என்பதே அக்குறியீட்டின் பொருள். அதைக் கண்டு சொன்ன சென்சாரையே நீங்கள் கழற்றி எறிந்திருக்கிறீர்கள். உதிரிபாகக் கடைக்காரருக்குத்தான் இதில் இலாபம். எஞ்சின் நன்கு சூடான பிறகு, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (அந்தந்த நொடியின் அளவுகள்) 'லாங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம்' எண்ணை, அதாவது கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, முதலில் ஐடிலிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) அடுத்து 2,500 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். ஐடிலில் அது கூட்டல் 20 விழுக்காட்டை ஒட்டி நின்று, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் 10-க்குள் இறங்கினால், எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் வால்வுக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது. மாறாக, மேடேறும்போதும் பாரம் கூடும்போதும் எண்ணும் ஏறினால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், உள்ளே வரும் காற்றை அளக்கும், அழுக்கேறிய ஏர்-ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கசிவைத் தேடும்போது ரப்பர் குழாய்களை மேலாகப் பார்த்துவிட்டு விடாதீர்கள். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஒவ்வொரு வளைவையும் விரலால் மடக்கினால், அடிப்பக்கத்தில் மறைந்திருக்கும் வெடிப்பு வாய் திறந்து காட்டும்.

டர்பனில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பியபோது மேப் சென்சார் (எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாயின் அழுத்தத்தை அளப்பது) 101 கிலோபாஸ்கல் காட்டியது. வீடு திரும்பியதும் 83 காட்டுகிறது. பழுதா? (லெனேசியா வாசகர்)

பழுதன்று. எஞ்சின் ஓடாதபோது அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தை. உங்கள் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 83 என்பது சரியான எண்ணே. கடலோர டர்பனிலேயே 83 காட்டியிருந்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

வாங்கப்போகும் பழைய காரில் குறியீடு எதுவும் இல்லை. நம்பலாமா? (பீனிக்ஸ் வாசகி)

ஸ்கேனரில் 'ரெடினஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பெரும்பாலானவை முடியாத நிலையில் இருந்தால், அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். குறியீடு அழித்த பின் ஓடிய தூரத்தையும் பல கார்கள் தெரிவிக்கும். அது 15 கிலோமீட்டர் என்றிருந்தால், விற்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள். விடை தெளிவாக இல்லையென்றால் வேறு காரைப் பாருங்கள்.

ஏர்பேக் விளக்கு எரிகிறது; என் புளூடூத் ஸ்கேனரிலோ ஒன்றும் தெரியவில்லை. (வெருலம் வாசகர்)

மலிவான ஸ்கேனர்கள் புகை வெளியேற்றத்தோடு தொடர்புடைய எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் கம்பிகளை வீட்டில் தொடவே வேண்டாம், பணிமனையில் விடுங்கள்.