அப்பச்சி டாக்டர், மகள் கவுன்சில் வக்கீல்

கேள்வி: காரைக்குடியில் அப்பச்சி முப்பது வருடமாக கிளினிக் வைத்திருக்கிறார். நான் தேவகோட்டை நீதிமன்றத்தில் ஆறு வருடமாக வக்கீல். சென்னையில் இருக்கும் ஒரு சீனியர், மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்கு விசாரணைகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் தன் குழுவில் சேரக் கூப்பிடுகிறார். எனக்கு ஆசைதான். விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து, இரண்டு வாரமாக, அப்பச்சி முகம் கொடுத்துப் பேசவில்லை. “உசுரக் காப்பாத்துற கையைக் கட்டிப் போடுற வேலை நமக்கு எதுக்கு ஆத்தா?” என்கிறார் அப்பத்தா. போகலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: அன்புத் தங்கைக்கு,

போங்கள். ஆனால் அப்பத்தா கேட்டதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அது நியாயமான கேள்வி.

ஒரு மருத்துவர் மேல் புகார் போனால், நுகர்வோர் ஆணையம் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லும். போலீஸ் வழக்கு வேறு பாதை. கவுன்சில் கை வைப்பது மருத்துவரின் பிழைப்பிலேயே. தவறு நிரூபணமானால் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். ஆக, கையைக் கட்டும் அதிகாரம் அங்கே இருக்கத்தான் செய்கிறது. கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் கவுன்சில் உறுப்பினர்கள், பெரும்பாலும் மருத்துவர்களே. அந்த முடிவுக்கு அவர்கள் நேர்வழியில் போய்ச் சேருகிறார்களா என்று பார்ப்பதுதான் பக்கத்தில் உட்காரும் வக்கீலின் வேலை.

இது ஏன் பெரிய வேலை என்பதற்கு என் அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு மருத்துவருக்காக ரிட் போட்டேன். அவர் பெயரை நீக்கிய உத்தரவு ஒன்றரைப் பக்கம். அவர் கொடுத்த எழுத்துப்பூர்வமான பதிலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. எந்த நிபுணரின் கருத்தை நம்பித் தண்டித்தார்களோ, அதன் நகல்கூட அவருக்குத் தரப்படவில்லை. நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. எனக்கு வெற்றி. வெளியே வராந்தாவில் புகார் கொடுத்த பெண் நின்றிருந்தார். பிரசவத்தில் அக்காவைப் பறிகொடுத்தவர். “மறுபடியும் மொதல்ல இருந்தாம்மா?” என்று என்னிடம்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விசாரணை நடந்த அன்று, “இந்த நகலை டாக்டரிடம் கொடுத்துவிட்டு மேலே போகலாம்” என்று சொல்ல ஒரு வக்கீல் அந்த அறையில் இருந்திருந்தால், அந்தப் பெண்ணுக்கும் மருத்துவருக்கும் மூன்று வருடம் வீணாகியிருக்காது.

படிக்க வேண்டியது அதிகமில்லை, ஆனால் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர்களின் நடத்தைக்கான 2002 விதிமுறைகள்தான் இன்னும் அடிப்படை. 2023 ஆகஸ்டில் புதியவை வந்தன. அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தார்கள். புகாருக்கு உள்ளான மருத்துவரை நேரிலோ வக்கீல் மூலமோ கேட்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன 2002 விதிகள். அப்புறம், 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30வது பிரிவு. மாநிலக் கவுன்சிலின் முடிவை எதிர்த்து ஆணையத்தின் ஒழுக்கநெறி வாரியத்துக்கும், அதன் முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் ஆணையத்துக்கும் போகலாம். அந்தப் பிரிவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்ட மருத்துவர் மேல்முறையீடு செய்யலாம் என்றுதான் அதில் இருக்கிறது. நோயாளியைப் பற்றிப் பேச்சில்லை. அதனால் கவுன்சிலில் நடக்கும் முதல் விசாரணையே நோயாளிக்குப் பெரும்பாலும் கடைசி விசாரணையாகிவிடுகிறது. அதைச் சரியாக நடத்திக் கொடுப்பது அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

சேருவதற்கு முன் சீனியரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள். நாம் விசாரணைக் குழுவுக்கு ஆலோசனை சொல்பவர்களா, புகாரை எடுத்து நடத்துபவர்களா? ஒரே கேஸில் இரண்டும் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒழுங்கு விசாரணைக் குழு சட்ட ஆலோசனை பெற்றால், அது என்ன ஆலோசனை என்பதை இரு தரப்புக்கும் தெரிவித்து, அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும் என்று அங்கே சட்டமே சொல்கிறது. இங்கே யாரும் கேட்காவிட்டாலும் அதை உங்கள் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் உறுப்பினர் காதில் சொல்வதை எல்லார் முன்னாலும் சொல்ல முடியாதென்றால், அதைச் சொல்லவே வேண்டாம்.

உத்தரவு எழுத உதவுங்கள். முடிவை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகை கட்டும்போது ஒரு காசு இடித்தாலும் பேரேட்டை மறுபடி புரட்டுவார்கள். உத்தரவிலும் அப்படித்தான். டாக்டர் சொன்னது, நோயாளி சொன்னது, எதை ஏன் ஏற்றோம், எதை ஏன் விட்டோம் என்று ஒவ்வொன்றுக்கும் வரி இருக்க வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று, எனக்கு மனசுக்குப் பட்டது. கல்லலிலிருந்தோ புதுவயலிலிருந்தோ ஒரு அம்மா சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் கவுன்சிலுக்கு விசாரணைக்கு வர வேண்டும். காலை 10:30க்கு நேரம் குறித்தால், அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறி வருபவர் எழும்பூர் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நீங்கள் அந்த ஊர்க்காரர், உங்களுக்குத் தெரியும். மதியத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இனி அப்பச்சி. அவரிடம் இருப்பது கோபத்தைவிடப் பயம் என்று நினைக்கிறேன். முப்பது வருடம் ஒரே ஊரில் நாடி பிடித்தவருக்கு, ஒரு புகாரில் எல்லாம் போய்விடுமோ என்ற கலக்கம் உள்ளே இருக்கும். அவருக்கோ அவர் நண்பர்களுக்கோ தொடர்புள்ள எந்தப் புகார் வந்தாலும் எழுத்திலேயே தெரிவித்து விலகிக்கொள்வேன், ஒரு கேஸைப் பற்றியும் வீட்டில் வாய் திறக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இந்த வேலைக்கு கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு, படிக்கத் தெரிய வேண்டும். சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கிளினிக் அடைத்த பிறகு அப்பச்சி முன்னால் போய் உட்காருங்கள். நர்ஸ் எழுதும் குறிப்பில் எதைப் பார்ப்பது, நேரம் பின்னால் திருத்தப்பட்டிருந்தால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். மயக்க மருந்துக் குறிப்பை முதலில் கேளுங்கள். வக்கீல்கள் நாங்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.