கணித ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்காவிட்டால்?

கேள்வி: கணித இளங்கலை இறுதியாண்டுக்குள் நுழையப் போகிறேன். அல்ஜீப்ராவில்தான் ஆர்வம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிஎச்டிக்கு விண்ணப்பிக்க எண்ணம். மற்ற பாடங்களில் நல்ல மதிப்பெண், கால்குலஸை நிரூபணங்களோடு அலசும் ரியல் அனாலிசிஸில் மட்டும் சறுக்கிவிட்டேன். “இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்? கையில் ஒரு தொழில் வேண்டாமா?” என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேராசிரியரோ, “ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்காதே, கணிதத்தை மட்டும் பார்” என்கிறார். மாற்று வழியை யோசித்தாலே பாதி தோற்றுவிட்ட மாதிரி இருக்கிறது. யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அண்ணன் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. இடம் கிடைக்காவிட்டால் என்று அவர் கேட்கிறார். கிடைத்தாலும் இதே கேள்வி வரும் என்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்குகிறவர்கள் அதிகம், நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. பட்டத்துக்குப் பிறகு ஓரிரு தற்காலிக ஆய்வுப் பணிகளில் இருந்துவிட்டு மென்பொருளுக்கோ நிதித் துறைக்கோ போகிறவர்கள் ஏராளம். ஆக, அந்தக் கேள்விக்கு இப்போதே ஒரு பதில் வைத்திருப்பதில் தோல்வி எங்கே வந்தது?

பேராசிரியரின் பயம் உங்கள் கவனம் சிதறும் என்பது. அதுவும் நியாயம்தான். அதனால் மாற்று வழியைக் கணிதத்துக்கு வெளியே போய்த் தேடாதீர்கள். அல்ஜீப்ராக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. கீறல் விழுந்த குறுந்தகடு பாடுவதற்கும், ஓரம் கிழிந்த கியூஆர் குறியீட்டை அலைபேசி படிப்பதற்கும் காரணம் 1960-இல் ரீடும் சாலமனும் உருவாக்கிய பிழை திருத்தும் குறிமுறை. அதன் உள்ளே இருப்பது நீங்கள் வகுப்பில் படிக்கும் ஃபைனைட் ஃபீல்டுதான், அதாவது எண்ணி முடிக்கக்கூடிய உறுப்புகளை வைத்தே கூட்டி, கழித்து, பெருக்கி, வகுக்கும் அமைப்பு. நீள்வட்ட வளைவுகளைச் சங்கேத முறைக்குப் பயன்படுத்தலாம் என்று 1985-இல் கோப்ளிட்ஸும் மில்லரும் தனித்தனியாக முன்வைத்தார்கள். குவாண்டம் கணினிகள் வந்தாலும் உடையாத சங்கேத முறைகள் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. அவற்றில் இரண்டு லாட்டிஸ் (ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளின் வலை) கணக்குகளை நம்பி நிற்பவை. அவற்றைப் புரிந்துகொள்ள ரிங், மாட்யூல் என்ற அல்ஜீப்ரா அமைப்புகள் தெரிந்திருக்க வேண்டும்.

கிரிப்டோகிராஃபி (சங்கேதவியல்), குறிமுறைக் கோட்பாடு இரண்டில் ஒன்றை விருப்பப் பாடமாக எடுங்கள். பைத்தான் கற்று, ஸேஜ்மேத் என்ற கணித மென்பொருளில் சின்னதாக ஒரு திட்டப்பணி செய்யுங்கள். வேலைக்குப் போனால் காட்ட ஒன்று இருக்கும், பிஎச்டி விண்ணப்பத்திலும் அதே திட்டப்பணியைப் பற்றி எழுதலாம். பேராசிரியரும் சண்டைக்கு வரமாட்டார்.

நிகழ்தகவு பிடித்தால், காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடரைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆக்சுவரி தொழில் இருக்கிறது. முதல் தேர்வுகளைப் படிக்கும்போதே எழுதலாம். ஆனால் முழுத் தகுதிக்குப் பல வருடங்கள் தேர்வு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், அதில் ருசி இல்லாதவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். ஆசிரியப் பணியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பிடிக்குமென்றால் அதுவும் மரியாதையான வழி. வேறு கதியில்லை என்று அதற்குப் போகாதீர்கள், மாணவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். ரியல் அனாலிசிஸ் மதிப்பெண்ணை மறைக்க முடியாது. கணிதத் துறைத் தேர்வுக்குழு முதலில் பார்ப்பதே அனாலிசிஸையும் அல்ஜீப்ராவையும்தான். காரணம் சொல்லி நீளமாக விளக்கம் எழுதுவதைவிட, அடுத்த பருவத்தில் மெஷர் தியரி மாதிரி அதைவிடக் கடினமான பாடம் ஒன்றை எடுத்து நன்றாகச் செய்யுங்கள். அந்தப் பாடம் நடத்துகிறவரிடமே ஒரு பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுகளில் ஒன்றான கணிதப் பாடத் தேர்வைப் பல துறைகள் இப்போது கட்டாயமாகக் கேட்பதில்லை. இருந்தாலும் உங்கள் கல்லூரி வெளியே அதிகம் தெரியாதது என்றால் எழுதுவது நல்லது. அதில் ஏறக்குறைய பாதி கால்குலஸ்தான். வேகம்தான் சோதனை, ஆழம் அல்ல.

பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். என் கணிப்பில் விண்ணப்பத்தில் இவற்றுக்குத்தான் எடை அதிகம். பெரிய பெயருள்ளவர் “நல்ல மாணவி, முதல் வகுப்பு” என்று நான்கு வரி எழுதுவதைவிட, உங்களோடு உட்கார்ந்து ஒரு நிரூபணத்தில் எங்கே ஓட்டை என்று தேடியவர் எழுதும் ஒரு பக்கம் மேல். ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கையில் சிறு வயதிலிருந்தே எண்கள் மீது காதல் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். எந்தத் தேற்றம் உங்களை நிறுத்தி வைத்தது, அதற்குப் பிறகு என்ன படித்தீர்கள், அந்தத் துறையில் யாருடைய வேலையைத் தொடர ஆசை என்று எழுதுங்கள்.

அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள், இரண்டும் வேறு வேறு. அமெரிக்காவில் இளங்கலை முடித்ததும் நேராகப் பிஎச்டியில் சேரலாம், ஐந்தாறு வருடம் ஆகும். பெரும்பாலும் கட்டண விலக்கோடு, வகுப்பெடுக்கும் பணிக்கு உதவித்தொகையும் உண்டு. எத்தனை பேருக்கு அந்தப் பணி கொடுக்க முடியுமோ, ஏறக்குறைய அத்தனை இடங்கள்தான். நிராகரிப்பு வந்தால் அதில் உங்கள் திறமை மட்டுமல்ல, அந்த வருடத்துக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் பொதுவாக முதுகலை முடித்த பிறகுதான் பிஎச்டி. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. அங்குள்ள பான் பல்கலைக்கழகத்தில் முதுகலைக் கணிதத்தை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். அனாலிசிஸ் குறையைச் சரிசெய்ய இரண்டு வருடம் கிடைக்கும் என்பதால், உங்களுக்கு இந்த வழியைத்தான் நான் முதலில் சொல்வேன். நேரடிப் பிஎச்டிக்கும் போடுங்கள், ஆனால் பெரிய பெயர்களாகவே அடுக்காதீர்கள்.

ஜூன் ஹூ என்ற கணிதவியலாளர் பத்துப் பன்னிரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து, இலினாய் பல்கலைக்கழகம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நிராகரிக்கப்பட்டவர். 2022-இல் கணிதத்தின் உச்ச விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். நிராகரிப்புக் கடிதம் வரும் நாளில் இதை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: அவர் ஒரு டஜன் இடங்களுக்கு விண்ணப்பித்தார். நான்கு இடங்களோடு நிறுத்தியிருந்தால்?

கடைசியாகத் தேதிகள். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். வந்த அழைப்புக்கு ஏப்ரல் 15-க்குள் பதில் சொன்னால் போதும் என்று பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால் காத்திருப்போர் பட்டியல் அந்தத் தேதிவரைகூட நகரும். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் உங்களுக்காக ஏப்ரல் வரை காத்திருக்க மாட்டார்கள். எனவே விண்ணப்பம் எழுதும் அதே மாதங்களில் வேலை நேர்காணல்களுக்கும் போக வேண்டியிருக்கும். களைப்பாக இருக்கும், அதற்கு ஏற்ற மாதிரி அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்பதை மட்டும் அதுவரை தள்ளாதீர்கள். விடுமுறைக்குக் கிளம்புவதற்கு முன்பே மூன்று பேரிடமும் பேசிவிட்டு, கடைசித் தேதிகளை ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.