வளையம் தொட்டதா? கள்ளி ஒட்டுக் கேள்வி பதில்

கேள்வி: பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை உள்ள கள்ளி. தண்டு அடியில் அழுகிவிட்டது. உருண்டையை மட்டும் மண்ணில் நடலாமா?

நட்டால் பட்டினி கிடந்து சாகும். அந்தச் சிவப்பு, பச்சையமே இல்லாத ஜிம்னோகலிசியம் மிஹானோவிச்சி. தனக்குச் சோறாக்கத் தெரியாத செடி. கீழே இருக்கும் தண்டுதான், பெரும்பாலும் டிராகன் பழக் கொடி, அதற்கும் சேர்த்துச் சமைக்கிறது. உருண்டை இன்னும் கெட்டியாக இருந்தால் இன்றைக்கே புதுத் தண்டில் ஒட்டுங்கள். கத்தியைத் துடைத்துவிட்டு.

கேள்வி: மூன்று முறை ஒட்டினேன். மூன்றும் சுருங்கி விழுந்துவிட்டன. எங்கே தவறு?

தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வளையம் ஒன்று தெரியும். நீரும் உணவும் போகும் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. மேல்துண்டிலும் அப்படி ஒன்று உண்டு. ஒரு வளையம் மற்றதை ஓரிடத்திலாவது தொட வேண்டும். பெரிய வளையத்தின் நட்டநடுவில் சின்ன வளையத்தை அழகாக உட்கார வைத்தால் இரண்டும் தொடவே தொடாது. பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், ஒட்டு மட்டும் பிடிக்காது. துண்டைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வையுங்கள், வளையங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளட்டும்.

அடுத்தது விளிம்பு. வெட்டிய சதை காயும்போது நடுப்பகுதி குழிந்து, தோல் மேடாக நிற்கும், மேல்துண்டைத் தூக்கிவிடும். அதனால் தண்டின் விளிம்பைச் சுற்றிலும் சாய்வாகச் சீவிவிடுங்கள். பிறகு தண்டின் மேலிருந்து மெல்லிய சீவல் ஒன்று எடுத்து, அதை அங்கேயே மூடியாக விட்டுவிடுங்கள். மேல்துண்டு தயாரானதும் மூடியை எடுத்துவிட்டு ஈரம் காயும் முன் வைத்து, லேசாக அழுத்தித் திருகிக் காற்றை வெளியேற்றி, ரப்பர் பேண்டு போடுங்கள். ஒரு வாரம் நிழல். வெட்டுவாயில் தண்ணீர் படக் கூடாது.

செடி துடிப்பாக வளரும் வெப்பமான மாதங்களில் செய்யுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடலாம்?

நாள் கணக்கு கிடையாது. ஒரு குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுங்கள். ஈரமில்லாமல் வந்தால் விடுங்கள்.

கேள்வி: எங்கள் கள்ளியை வெட்டினால் பால் வடிகிறது. அதை அடித்தண்டாக வைக்கலாமா?

கூடாது. தமிழில் எல்லாவற்றையும் கள்ளி என்று சொல்லிவிட்டோம், அங்கேதான் குழப்பம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூபோர்பியா, ஆமணக்கின் உறவுக்காரர்கள். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளிதான் கேக்டஸ் குடும்பம். குடும்பம் மாறினால் ஒட்டு பிடிக்காது. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. கையைக் கழுவுங்கள்.

கேள்வி: ஒட்டுக் கட்டிய அஸ்ட்ரோபைட்டம் ஆஸ்டீரியாஸ் கள்ளி பலூன் மாதிரி ஊதிக்கிடக்கிறது. சொந்த வேரில் இல்லாதது சேகரிப்பில் சேருமா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். சொந்த வேரில் தட்டையாக, மண்ணோடு ஒட்டி வளர்வதுதான் அதன் அழகு.

அதே நபர்: பாதி என்ன? ஒட்டு என்பதே ஏமாற்றுதான்.

அப்படியானால் மாம்பழம் சாப்பிடாதீர்கள்! முளைத்துச் சில வாரமே ஆன நாற்றைப் பெரஸ்கியாப்சிஸ் என்ற, வேகமாக வளரும் இலைக் கள்ளியின் தண்டில் ஒட்டினால், சொந்த வேரில் ஆண்டுக்கணக்கில் ஆகும் வளர்ச்சி மாதங்களில் வந்துவிடும். சீக்கிரம் பூக்கும், விதையும் சீக்கிரம் கிடைக்கும். விதை நிறையக் கிடைத்தால் காட்டில் தோண்டுவது குறையும். 2020இல் இத்தாலியில் ஒரே ஆளிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடத்தல் கள்ளிகள் பிடிபட்டன. பெரும்பாலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்துக் கோபியபோவா. அடுத்த ஆண்டு 800க்கும் மேற்பட்டவற்றைச் சிலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவையெல்லாம் சொந்த வேரில் நின்றவைதான். சேகரிப்பு சுத்தமாகிவிட்டதா?

அதே நபர்: சரி. ஆனால் ஊதிப்போனது ஊதிப்போனதுதானே?

ஊதிப்போனதுதான். அதனால் நான் பெரிதாக்கியபின் இறக்கிவிடுவேன். அடித்தண்டில் ஒரு சிறு துண்டு விட்டு வெட்டி, காயம் ஆறியதும் அந்தத் துண்டை மண்ணுக்குள் புதைத்தால் நாளடைவில் மேல்துண்டு தானே வேர்விடும். தண்ணீரைக் குறைத்து வெயிலைக் கூட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். முழுதாக அடங்காது, அதை உங்களுக்கே விட்டுத்தருகிறேன்.

கேள்வி: வாரம் ஒரு முறை தண்ணீர் போதுமா?

குச்சி.

கேள்வி: கோடையில் தினமும் விடலாமா?

மேலே சொன்னதைப் படியுங்கள் ஐயா.

கேள்வி: ஒட்டு பிடித்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? தினமும் லேசாக ஆட்டிப் பார்க்கிறேன், ஆடுகிறது.

நீங்கள் ஆட்டுவதால் ஆடுகிறது. உச்சியில் புது முள் எட்டிப் பார்க்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.