அஞ்சு பிள்ளைய மாமியார் தனியாவா வளர்த்தாங்க?

கேள்வி: பாயான் லெப்பாஸ்ல அடுக்குமாடி வீடு. பெரியவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு 14 மாசம். நான் வீட்டுலேர்ந்தே கம்பெனி கணக்கு வேலை பாக்குறேன், வீட்டுக்காரர் ஃபேக்டரியில 12 மணி நேர ஷிப்ட். போன வாரம் மீட்டிங்ல இருந்தப்ப பெரியவன் மைலோ டின்ன தங்கச்சி தலையில கவுத்துட்டான். கத்துனேன் பாருங்க, கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். பயந்து கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சவன் கொஞ்ச நேரத்துல ஈரத்துணியோட வந்து பாப்பா மூஞ்சிய துடைக்கிறான், எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. சுங்கைப்பட்டாணியிலேர்ந்து வந்திருந்த மாமியார், "ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டே நான் அஞ்சு பிள்ளைய வளர்த்தேன், வீட்டுல உக்காந்துக்கிட்டு உன்னால ரெண்ட பாக்க முடியலயா"ன்னு கேட்டுட்டாங்க. எனக்குத்தான் பொறுமை இல்லையா?
– பினாங்கு வாசகி

பதில்: பொறுமைய அப்புறம் பாப்போம் தங்கச்சி, நீங்க கணக்கு வேலை பாக்குறவங்கதானே, முதல்ல அந்த அஞ்சு பிள்ளை கணக்க சரி பாப்போம்.

மாமியார் சொன்னது பொய் இல்ல, ஆனா பாதிதான் சொல்லியிருக்காங்க. விடியுறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல பேர் கூப்பிடுற இடத்துக்கு, ஓடுன பொம்பளைங்க கைக்குழந்தைய எங்க விட்டுட்டுப் போனாங்க? ஆயாக் கொட்டகையில, அதாவது தோட்டத்துப் பிள்ளைங்கள பாத்துக்கிற இடத்துல. நானும் அங்க வளர்ந்தவதான். வரிசையா சேலைத் தூளி, ஒண்ண காலால ஆட்டிக்கிட்டே இன்னொண்ணுக்கு பால் புகட்டுற ஆயா, அவங்க மடியில எப்பவும் ஒரு வெத்தலை வாசம். அந்த ஆயாவுக்கு சம்பளம் கொடுத்தது தோட்டத்து நிர்வாகம், உங்க மாமியார் இல்ல. மத்தியானம் வீடு திரும்புனா லயத்து வரிசை வீடுங்கள்ல பக்கத்து வீடு, எதிர் வீடு, எல்லாத்துக்கும் மேல இடுப்புல தம்பிய சுமந்துக்கிட்டு திரிஞ்ச எட்டு வயசு அக்கா. அந்த அக்காங்க எத்தனை பேர் பாதியில பள்ளிக்கூடத்த விட்டாங்கங்கிறத மட்டும் யாரும் பெருமையா சொல்லிக்கிறதில்ல! அதனால அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. நாலஞ்சு பேர் சேர்ந்து பாத்த வேலைய நீங்க ஒருத்தியா, கதவ சாத்திக்கிட்டு, காதுல இயர்ஃபோன் மாட்டிக்கிட்டு பாக்குறீங்க, அதுதான் விஷயம்.

இவ்வளவு எழுதுன கடிதத்துல வீட்டுக்காரர் பத்தி ஒரே வரி. ஷிப்ட். அவ்வளவுதானா? நம்ம மலேசியாவுல வேலைச் சட்டத்த மாத்துனதால 2023 ஜனவரி 1-லேர்ந்து பிரசவ லீவு 60 நாள்லேர்ந்து 98 நாள் ஆச்சு, அப்பாவுக்கும் சம்பளத்தோட 7 நாள் லீவு வந்துச்சு. சின்னவ பொறந்தப்ப அவர் அத எடுத்தாரா? எடுத்திருந்தா அந்த ஏழு நாள்ல எத்தனை டயப்பர் மாத்துனார்? 12 மணி நேரம் நின்னு வேலை பாக்குறவருக்கும் களைப்பு இருக்கும், இல்லங்கல. ஆனா ஆஃப் நாள் அவருக்கு இருக்குல்ல, உங்களுக்கு எது ஆஃப் நாள்?

அதே சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல. வேலை நேரம், நாள், இடம் இதுல எதையாவது மாத்திக் கொடுங்கன்னு நீங்க முதலாளிகிட்ட எழுத்துல கேக்கலாம். 60 நாளுக்குள்ள அவங்க எழுத்துலயே பதில் சொல்லணும், முடியாதுன்னா ஏன்னு காரணமும் எழுதணும். வீட்டுலேர்ந்து வேலை பாக்குறதால எல்லாம் கிடைச்சாச்சுன்னு நினைக்காதீங்க, பாப்பா தூங்குற நேரத்துக்கு மீட்டிங்க தள்ளி வைக்கச் சொல்லியும் கேக்கலாம். மறுக்கலாம்தான், ஆனா கேக்காமயே மறுத்த மாதிரி நாமளே ஏன் உக்காந்துக்கணும்?

பாப்பாவ தஸ்காவுல, அதான் குழந்தை காப்பகத்துல, விட யோசிச்சா பதிவு பண்ண இடமா பாருங்க. பத்துக்கும் குறைவான பிள்ளைங்கள வெச்சு வீட்டுல நடத்துற தஸ்காவுக்கும் 1984 குழந்தை காப்பகச் சட்டப்படி பதிவு உண்டு, "நம்ம தெரிஞ்ச ஆண்ட்டி"ங்கிறது பதிவு ஆகாது. பதிவு இருந்தாதான் அந்தக் கட்டணத்துக்கு வரிக்கழிவும் கேக்க முடியும்.

கத்துனது தப்புதான். அவன்கிட்ட ஒரு சாரி சொல்லியிருப்பீங்க, சொல்லலன்னா இன்னிக்கு சொல்லிடுங்க. ஆனா நாலு வயசுப் பையன் தானா ஈரத்துணி எடுத்துட்டு வந்து துடைக்கிறான்னா அத எங்கேயோ பாத்துத்தானே கத்துக்கிட்டான்? கத்துறத மட்டும் பாத்து வளர்ற பிள்ளைக்கு அது வராதும்மா.

அடுத்த தடவ மாமியார் வந்தா சண்டை வேணாம். டீ கலக்கிக் கொடுத்துட்டு, "அத்த, உங்க தோட்டத்து ஆயா பேரு என்ன?"ன்னு மட்டும் கேளுங்க. சட்டுன்னு பேரு வரும், அப்புறம் ஒரு மணி நேரம் அந்த ஆயா கதைதான் ஓடும். அந்த ஒரு மணி நேரம் பாப்பா அவங்க மடியில இருக்கட்டும், நீங்க போய் தலைக்குக் குளிங்க.

மைலோ டின்ன மேல் தட்டுல வைங்க.