மாமா அறைக்குள் பிள்ளை போகலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு வயிற்றில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பகலும் இரவும் நான்தான் பக்கத்தில். என்ன பேசுவதென்றே தெரியவில்லை. ஐந்து வயது மகளை அந்த அறைக்குள் விடாதே என்கிறார் நாத்தனார். எனக்கும் வாழ்க்கை விட்டுப்போனது போல இருக்கிறது.
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மகளை உள்ளே விடுங்கள் அம்மா. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் வருகிறேன். தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர், நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், எலும்பும் தோலுமாகக் கிடந்தார். முதல் நாள் நான் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தேன். அவர், "வெளிய என்ன காத்தும்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். வாசலில் போய் நின்று, தென்னை ஓலை கடல் பக்கம் பறக்கிறது என்று வந்து சொன்னேன். "அப்ப கச்சான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றின் பெயரெல்லாம் அவரிடம்தான் கற்றேன். கடைசியில் பேச்சு நின்றுவிட்டது. அப்போதும் காதருகே குனிந்து, "ஐயா, இன்னைக்கு சோழகம்" என்பேன். ஒரு நாள் விரல் அசைந்தது.

அவர் போய் ஆறு வருடமாகிறது. இன்றும் பால் வாங்கக் கதவைத் திறந்தால் முதலில் ஓலையைத்தான் பார்க்கிறேன். அறுபது வயதுவரை இதைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

அதனால் பேச்சைத் தேடாதீர்கள். மாமா எதைக் கேட்கிறாரோ அதைப் பார்த்துவந்து சொல்லுங்கள். மகள் உங்களைவிட நன்றாகச் சொல்வாள்.

வலியோடு கிடப்பவர் எதையும் கேட்க மாட்டார். வலி வந்தபின் ஓடாமல், வருமுன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர், 1967இல் லண்டனில் இதற்கென்றே மருத்துவ இல்லம் திறந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ். கடும் வலிக்குத் தரும் மருந்தான மார்ஃபின் என்றதும் பயப்படாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சாப்பிடவில்லையே என்று வாயில் திணிக்காதீர்கள், புரையேறும். உடம்பு அடங்கும்போது பசியும் அடங்கும். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தால் போதும்.

அப்புறம், நாத்தனாரை இரண்டு ராத்திரி அந்த அறையில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் தூங்க வேண்டும்.