“பெயரை மட்டும் மாற்றித் தாருங்கள்”

வாசகர் கேள்வி – பதில்: படங்களைத் திருத்தும் போட்டோஷொப் மென்பொருளில் நேரத்தை மிச்சம் பிடிப்பது பற்றி இந்த முறை கேட்டிருக்கிறீர்கள். பதிலளிப்பவர் திருகோணமலையில் அச்சுக்கடை நடத்தும் வடிவமைப்பாளர்.

அண்ணா, ஒரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்கு 240 சான்றிதழ்கள் செய்கிறேன். ஒவ்வொரு பெயராக அடித்துச் சேமிப்பதிலேயே இரவு போய்விடுகிறது. வேறு வழி உண்டா?
– வாசகர், கிண்ணியா

உண்டு தம்பி. இமேஜ் மெனுவின் அடியில் ‘வேரியபிள்ஸ்’ என்று ஒன்று பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. யாரும் அதைச் சீண்டுவதில்லை. பெயர், இல்லம், நிகழ்ச்சி, பெற்ற இடம் நான்கையும் தனித்தனி எழுத்து லேயர்களாக, அதாவது அடுக்குகளாக, வையுங்கள். ‘டிஃபைன்’ பகுதியில் ஒவ்வொரு லேயருக்கும் ‘டெக்ஸ்ட் ரிப்ளேஸ்மென்ட்’டைத் தெரிவுசெய்து ஒரு பெயர் கொடுங்கள். அந்தப் பெயரில் இடைவெளி இருக்கக்கூடாது. எக்செல் பட்டியலின் முதல் வரியிலும் அதே பெயர்கள் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பிறகு ‘டேட்டா செட்ஸ்’ பகுதியில் பட்டியலை இறக்குமதி செய்து, ஃபைல் மெனுவின் ‘எக்ஸ்போர்ட்’டுக்குள் ‘டேட்டா செட்ஸ் ஆஸ் ஃபைல்ஸ்’ கொடுத்தால் 240 கோப்புகளும் தாமாகவே வந்து விழும். வருபவை எல்லாம் போட்டோஷொப்பின் சொந்த வகையான பி.எஸ்.டி. கோப்புகள்தான். அவற்றை ஜேபெக் படங்களாக்க அதே மெனுவின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியிலுள்ள ‘இமேஜ் புரொசஸர்’ இருக்கிறது.

தமிழில் செய்யும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். எக்செலில் சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். யூ.டி.எஃப்-8 என்று போட்டிருக்கும் வகையிலேயே சேமியுங்கள், இறக்குமதி செய்யும்போதும் அதையே காட்டுங்கள். அடுத்தது, நம் பக்கத்துப் பாடசாலை அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருதான் ஆட்சி செய்கிறது. பாமினியில் அடித்த பட்டியலை யூனிகோட் எழுத்துரு உள்ள லேயருக்குள் ஊற்றினால் வருவது தமிழாக இருக்காது. பட்டியல் முழுவதையும் ஒரே தடவையில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெயர் லேயரை நடுவில் சீரமைத்து, பட்டியலில் மிக நீளமான பெயரை முதலில் போட்டுப் பாருங்கள். தந்தையார் பெயரோடு சேர்த்து முப்பது எழுத்து நீளும் பிள்ளைகள் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறார்கள்.

திருமண அல்பத்துக்காகப் படங்களைச் சிறிதாக்க ஒரு ‘அக்ஷன்’ (படிகளைப் பதிந்து திரும்ப ஓட்டும் வசதி) பதிவுசெய்தேன். கிடையான படங்கள் சரியாக வருகின்றன. நெடுக்கான படங்கள் மட்டும் பெரிதாகிவிடுகின்றன. ஏன்?
– வாசகி, உப்புவெளி

பதிவுசெய்யும்போது ‘இமேஜ் சைஸ்’ திறந்து அகலம் 1200 என்று கொடுத்திருப்பீர்கள். அக்ஷன் சொன்னதைத்தான் செய்யும். நெடுக்குப் படத்துக்கும் அகலத்தை 1200 ஆக்கிவிட்டு உயரத்தை 1800க்குக் கொண்டுபோகும். அந்தப் படியை அழித்துவிட்டு, ஃபைல் மெனுவின் ‘ஆட்டோமேட்’ பகுதியில் உள்ள ‘ஃபிட் இமேஜ்’ கொண்டு இரண்டு பக்கமும் 1200 என்று பதிவுசெய்யுங்கள். படம் எந்தப் பக்கம் நீண்டாலும் அந்தப் பெட்டிக்குள் அடங்கும். மூலையில் உங்கள் ஸ்டூடியோவின் பெயரையும் பதிப்பதாக இருந்தால், பதிவைத் தொடங்குமுன் அளவுகோலின் (ரூலர்) அலகைச் சதவீதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெயர் ஒரு படத்தில் மூலையிலும் இன்னொன்றில் மணமகளின் கன்னத்திலும் இருக்கும்.

மரண அறிவித்தல் வேலைகள்தான் எங்கள் கடைக்கு அதிகம். படத்தை மாற்று, வயதை மாற்று என்று கடைசி நிமிடம்வரை திருத்தம் வருகிறது. எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், மூதூர்

இந்த வேலையில் திருத்தம் வருவதைக் குறைசொல்லக் கூடாது. வீட்டில் அவர்கள் இருக்கும் நிலை அப்படி. முதலில் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவருவார்கள். பனர் அச்சுக்குப் போகும் நேரத்தில் கனடாவில் இருக்கும் மகள் நல்ல படம் ஒன்றை அனுப்புவார். ஆகவே, படம் மாறத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே கோப்பை அமையுங்கள்.

‘படம்’ என்று தனியாக ஒரு கோப்பு செய்யுங்கள், உதாரணமாக 2000க்கு 2500 பிக்சல். துண்டுப்பிரசுரம், பனர், முகநூல் அறிவித்தல் மூன்றிலும் அதை உள்ளே ஒட்டாமல், ‘பிளேஸ் லிங்க்ட்’ மூலம் இணைப்பாக வையுங்கள். புதிய படம் வந்ததும் அந்த ஒரு கோப்பைத் திறந்து, அதே சட்டத்துக்குள் முகத்தைப் பொருத்திச் சேமித்தால் மற்ற மூன்றும் மாறிவிடும். மூடியிருந்த கோப்பைப் பிறகு திறக்கும்போது ‘அப்டேட் ஆல் மொடிஃபைட் கன்டென்ட்’ கொடுக்க வேண்டும். ‘படம்’ கோப்பின் அளவை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். மாற்றினால் மூன்று இடத்திலும் முகம் நகர்ந்துவிடும். 31ஆம் நாள் நினைவு மலருக்கும் இதே கோப்பு உதவும்.

கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இணைத்த படங்களையும் சேர்த்துக் கட்டும் ‘பேக்கேஜ்’ செய்தே எடுத்துச் செல்லுங்கள். பி.எஸ்.டி.யை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால் இணைத்த படம் கடையிலேயே நின்றுவிடும். இன்னொன்று: வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்களிடம் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் நசுங்கித்தான் வரும், அதைக் கூர்மையாக்கிக் கொண்டிருப்பது வீண் வேலை.

12 அடிக்கு 4 அடி பனர் செய்தால் கணினி உறைந்துவிடுகிறது. ரேம் நினைவகத்தைக் கூட்ட வேண்டுமா?
– வாசகர், தம்பலகாமம்

அங்குலத்துக்கு 300 பிக்சல் அடர்த்தியில் திறந்திருக்கிறீர்கள், அப்படித்தானே? கணக்குப் பாருங்கள்: 43,200க்கு 14,400, அதாவது 62 கோடி பிக்சல்களுக்கு மேல். பி.எஸ்.டி. வகைக் கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலோடு நின்றுவிடும், அதைப் பி.எஸ்.டி. ஆகச் சேமிக்கவே முடியாது. சிவராத்திரிக் காலத்தில் திருகோணமலைக் கோட்டை வாசலில் கட்டும் பனரை யாரும் மூக்கை ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை. 100 போதும், பிக்சல்கள் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். 72இல் கேட்கும் அச்சகங்களும் உண்டு. தொடங்குமுன் அச்சகத்தைக் கேளுங்கள். ரேம் வாங்கும் காசு கையில் இருக்கட்டும்.

எந்தெந்தக் குறுக்குவிசைகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?
– மாணவி, திருகோணமலை

நூறு விசைகள் கொண்ட பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒருநாள் வேலை செய்யும்போது எந்த மெனுவுக்கு அடிக்கடி போகிறீர்கள் என்று கவனியுங்கள். அதற்கு விசை இல்லாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடு கே தட்டுங்கள். நீங்களே ஒன்றைக் கொடுத்துக்கொள்ளலாம். பிரஷ் அளவுக்குச் சதுர அடைப்புக்குறிகள், கருப்பு வெள்ளைக்கு டி, முன், பின் நிறங்களை இடம் மாற்ற எக்ஸ். இவை தாமாகவே கைக்கு வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்யும்போது இதையெல்லாம் கற்பது ஏன்?
– வாசகர், நிலாவெளி

சொன்னதை வரைந்து நிரப்பும் ‘ஜெனரேட்டிவ் ஃபில்’ போட்டோஷொப்புக்கு 2023இல் வந்தது. உங்கள் ஊர் விருந்தினர் விடுதிக்குத் துண்டுப்பிரசுரம் செய்கிறீர்கள், கடற்கரைப் படத்தில் மேலே தலைப்பு வைக்க இடம் போதவில்லை என்று வையுங்கள். வானத்தை நீட்டுவதற்கு அதைவிட நல்லது இல்லை; நானும் பாவிக்கிறேன். அதற்கு இணைய இணைப்பு வேண்டும். ஆனால் 240 பெயர்களைப் பிழையில்லாமல் அடுக்கும் வேலையை அதனிடம் கொடுக்க மாட்டேன். இறந்தவரின் மங்கலான முகத்தையும் கொடுக்க மாட்டேன். அது தெளிவாக ஒரு முகத்தை வரைந்து தரும். அந்த முகம் அவருடையதாக இருக்காது, பிள்ளைகளுக்கு அது உடனே தெரியும்.

மின்சாரம் போனால் வேலையும் போகிறது. தானியங்கிச் சேமிப்பு இருந்தும் ஏன்?
– வாசகர், குச்சவெளி

அது வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் சேமிக்கும். ‘பிரெஃபரன்சஸ்’ சென்று ‘ஃபைல் ஹேண்ட்லிங்’ பகுதியில் ஐந்தாக மாற்றுங்கள். அந்தப் பிரதி திடீர் நிறுத்தத்திலிருந்து மீட்பதற்கு மட்டும்தான். “சேமிக்கவா?” என்று கேட்கும்போது அவசரத்தில் ‘வேண்டாம்’ கொடுத்து மூடினீர்களானால் அதுவும் கைகொடுக்காது. யூ.பி.எஸ். ஒன்று வாங்குங்கள், ரேமுக்கு முதல் அது.