நிறுவன மேலாண்மைக் கொள்கைகளைச் சபைத் தலைமைத்துவத்திலும் ஊழியத்திலும் பயன்படுத்தலாமா?

நீங்கள் தளவாட நிறுவனமொன்றில் மேலாளர் என்றும், அண்மையில் உங்கள் தமிழ்ச் சபையின் நிர்வாகக் குழுவுக்குத் தெரிவானவர் என்றும், அலுவலகத்தில் கற்ற முறைகளைச் சபைக்குக் கொண்டுவர முயன்றபோது மூப்பர் ஒருவர் "தம்பி, இது கம்பெனி இல்லை" என்று தடுத்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கிடங்கை நடத்துபவன். எங்கள் சபையில் ஐந்து ஆண்டுகள் செயலாளராகவும், அதன்பின் நான்கு ஆண்டுகள் பொருளாளராகவும் இருந்தவன். அந்த மூப்பர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதை நானே ஒரு தவறு செய்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முதலில், அவர் சொன்னது சரியல்லாத பாதி. பணம், பொறுப்பு, கணக்கு ஆகியவற்றில் நிறுவன ஒழுங்கைத் தயங்காமல் கொண்டுவாருங்கள். சிங்கப்பூரில் பெரும்பாலான சபைகள் அறநிறுவனங்களாகப் பதிவு பெற்றவை என்பதால், நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் அறிக்கையும் கணக்கும் அறநிறுவன ஆணையரிடம் சேர வேண்டும். அறநிறுவனங்களுக்கான நல்லாளுகை விதித்தொகுப்பு பொருளாளர் பதவிக்குத் தொடர்ச்சியாக நான்கு ஆண்டுகள் என்ற வரம்பை வைத்திருக்கிறது. பின்பற்ற முடியாத விதி எதுவாயினும் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். என் நான்காம் ஆண்டு முடிவில் விலகியபோது, "உங்களை யார் சந்தேகப்பட்டார்கள்?" என்று சிலர் வருத்தத்தோடு கேட்டார்கள். யாரும் சந்தேகப்படவில்லை, சந்தேகம் எழுவதற்கு முன்பே விலகுவதற்காகத்தான் அந்த வரம்பு இருக்கிறது. காணிக்கையை உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிடுவது, கட்டட நிதிக்கென்று வந்த பணத்தைக் கட்டடத்துக்கு மட்டுமே செலவிடுவது, குளிர்சாதனப் பராமரிப்புக்கு விலைப்புள்ளி கொடுத்த நிறுவனம் குழு உறுப்பினர் ஒருவருடையதாக இருந்தால் அவர் அதை முன்கூட்டியே அறிவித்துவிட்டு முடிவெடுக்கும் நேரத்தில் அறையை விட்டு வெளியேறுவது ஆகியவை அவிசுவாசத்தின் அடையாளங்கள் அல்ல. 2015 அக்டோபரில், சபைப் பணத்தை முறைகேடாகப் பயன்படுத்திய சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கில் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. சம்பந்தப்பட்ட தொகை ஏறத்தாழ 50 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). 2017-இல் மேல்முறையீட்டில் தண்டனைக்காலம் குறைந்ததே தவிர, அவர்கள் குற்றவாளிகள் என்பது மாறவில்லை. அந்த ஆண்டுகளில் காணிக்கைப் பையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்த எந்தச் சபையின் பொருளாளருக்கும் அதன் கனம் தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் வேதத்தில் இடம் இல்லை என்று யாராவது சொன்னால், தமிழ் வேதாகமத்தின் பழைய சொல் ஒன்றை நினைவூட்டுங்கள்: உக்கிராணக்காரன். உக்கிராணம் என்றால் பண்டசாலை. அதன் சாவியையும் கணக்கையும் வைத்திருப்பவன் உக்கிராணக்காரன். (பகலில் நான் செய்யும் வேலையே அதுதான் என்பதால் எனக்கு இந்தச் சொல்லின்மேல் ஒரு தனிப் பிரியம்.) லூக்கா 16-இல் எஜமான் அவனிடம் கணக்கை ஒப்புவிக்கச் சொல்கிறார். யாத்திராகமம் 18-இல், காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்த மோசேயிடம் அவர் மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று நேராகவே சொல்லி, ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொல்கிறார். நம் சபைகளில் ஒலிபெருக்கி முதல் ஞாயிறு மதியச் சாப்பாடுவரை போதகர் ஐயாவின் கைப்பேசிக்கே அழைப்பு போகிறது. எத்திரோ பார்த்தால் அதையேதான் சொல்வார். பணி அட்டவணை எழுதுங்கள், ஒவ்வொரு பொறுப்புக்கும் காலவரம்பு வையுங்கள். ஆனால் தன்னார்வலரை வேலையிலிருந்து நீக்குவதாக மிரட்ட முடியாது, சம்பள உயர்வும் தர முடியாது. உங்கள் அலுவலகக் கருவிகளில் இரண்டு பெரியவை இங்கே கையில் இல்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இனி, மூப்பர் சொன்னது சரியான பாதி. அதை எனக்குக் காட்டியது என் தவறு. செயலாளராக இருந்த கடைசி ஆண்டில் எங்கள் வீட்டு ஜெபக்குழுக்களுக்கு ஒரு மதிப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். கிடங்கில் பயன்படுத்தும் அதே முறை: பெயர் கொடுத்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் வருகிறார்கள், ஓராண்டில் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று கணக்கிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் கொடுத்தேன். நிர்வாகக் குழு மிகவும் பாராட்டியது. சிவப்பில் நின்றது ஒரே ஒரு குழு. தேக்காவுக்கு அருகில் ஞாயிறு பிற்பகலில் எழுபதைக் கடந்த ஓர் அம்மா நடத்திவந்த குழு அது. வந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். வருகை 25 விழுக்காட்டைச் சுற்றியே இருந்தது, மூன்று ஆண்டுகளாக வளர்ச்சி இல்லை. அந்தக் குழுவை வேறொரு குழுவோடு இணைக்கலாம் என்று நானே முன்மொழிந்தேன், நிறைவேறியது. இணைந்த குழு வெள்ளி இரவு கூடியது. அந்தப் பெண்களில் ஒருவர்கூட அங்கே வரவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். 2013 முதல் இங்கே பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு என்றாலும், அவர்கள் சம்மதித்தால் அதற்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாம்; மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டாமல் ஓய்வாகவே தர வேண்டும் என்ற விதி 2023-இல்தான் வந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் வெளியே வரக்கூடிய ஒருவர் அந்த ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தால், என் அட்டவணையில் அவருடைய வருகை 25 விழுக்காடு. அதாவது, அவரால் இயன்றதில் நூற்றுக்கு நூறு. வளர்ச்சி இல்லாததற்கும் காரணம் எளியது: ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்களின் இடத்தில்தான் புதியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அவர் கோபப்படவில்லை, காப்பி கொடுத்துவிட்டு ஒரு நீள நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் எதிரே எந்த ஞாயிறு ஓய்வு, எந்தப் பேட்டையில் வேலை, ஊரில் யாருக்கு அறுவை சிகிச்சை, வீட்டுக்குப் பணம் அனுப்பியாயிற்றா என்று எழுதியிருந்தார். "வராதவங்க பேருதான் தம்பி முக்கியம், வந்தவங்களை நான்தான் பார்த்துட்டேனே" என்றார். அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நூறு ஆடுகளை எண்ணாத மேய்ப்பனுக்கு ஒன்று காணாமற்போனது எப்படித் தெரியும்? நான் எண்ணியது குழுவைத் தரம் பிரிப்பதற்கு, அவர் எண்ணியது ஆளைத் தேடுவதற்கு.

அடுத்த மாதமே குழுவைப் பழைய இடத்தில், பழைய நேரத்தில் மீண்டும் தொடங்கச் செய்தோம். திரும்பி வந்தவர்கள் பாதிப்பேர்தான். அட்டவணையை நான் அழிக்கவில்லை. நிறங்களையும் விழுக்காட்டையும் நீக்கிவிட்டு, "கடைசியாக இவரோடு பேசியது யார், எப்போது?" என்று ஒரே ஒரு நெடுவரிசை வைத்தேன். இரண்டு மாதங்களுக்கு மேல் யாரும் பேசாதவர்களின் பெயர்கள் போதகரிடமும் மூப்பர்களிடமும் போகும். உங்கள் மூப்பரிடம் அடுத்த முறை பேசும்போது காணிக்கை எண்ணும் முறையிலிருந்து தொடங்குங்கள், அதில் உங்கள் அனுபவம் உடனே உதவும். வருகைப் பதிவேட்டைத் தொடுவதற்கு முன் ஓர் ஆண்டாவது குழுத் தலைவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் எந்த நோட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.